சிவப்புப் பூ ஏன் கறுத்தது: முழு வண்ண முப்பரிமாணக் காட்சி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இயற்கை வரலாற்றுச் சேகரிப்பு ஒன்றில், ஒரு தாவரவியலாளர் விட்டுச்சென்ற ஸ்டீரியோ ஸ்லைடுகள், அதாவது ஆழம் தெரிவதற்காக இரண்டு கண்களுக்கும் தனித்தனியாக எடுத்த இரட்டைப் படங்கள், பெட்டி பெட்டியாக இருந்தன. எல்லாமே 35 மி.மீ. கோடக்ரோம். பெரும்பாலானவை இரண்டு லென்ஸ் கொண்ட ஸ்டீரியோ கேமராவில் எடுத்தவை. மிக அருகிலிருந்து எடுத்த பூப்படங்கள் மட்டும் வேறு விதம். சாதாரண கேமராவை ஒரு நகர்பட்டையில் பொருத்தி, முதலில் இடக்கண்ணுக்கு ஒன்று, சில மில்லிமீட்டர் தள்ளி வலக்கண்ணுக்கு இன்னொன்று என இரண்டு தடவையாக எடுத்திருந்தார்.

கையில் பிடித்துப் பார்க்கும் ஸ்டீரியோஸ்கோப்பில் இவற்றைப் பார்த்த யாரும் குறை சொன்னதில்லை. இதழின் நரம்பு, மகரந்தத் தாளின் நிறம், பின்னால் இருக்கும் இலையின் தூரம் எல்லாம் அப்படியே தெரியும். ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பார்க்க முடியும். ஒரு வகுப்பே உட்கார்ந்து பார்க்கும்படி கூடத்தில் திரையிட வேண்டும் என்று பொறுப்பாளர் விரும்பினார்.

ஸ்லைடுகளை நேரடியாகத் திரையிடுவதில்லை என்பது முதலிலேயே முடிவாகிவிட்டது. கோடக்ரோம் இருட்டில் பல பத்தாண்டுகள் நிறம் மாறாமல் இருக்கும். புரொஜெக்டர் விளக்கின் முன்னால்தான் சீக்கிரம் வெளுக்கும். 2009-ல் தயாரிப்பே நின்றுபோன ஃபிலிம் அது. எனவே ஸ்கேன் செய்து, டிஜிட்டல் படங்களையே காட்டுவது என்று ஏற்பாடு. ஸ்கேன் வேலை எதிர்பார்த்ததைவிட இழுத்தது. அகச்சிவப்பு ஒளியால் தூசியைக் கண்டுபிடித்துத் தானாக நீக்கும் வசதி மற்ற வண்ண ஃபிலிம்களில் நன்றாக வேலை செய்யும். கோடக்ரோமில் படத்தின் விவரத்தையே தூசி என்று எடுத்துக்கொள்ளும். கையால்தான் துடைக்க வேண்டியிருந்தது. ஸ்டீரியோவில் தூசியை விட்டுவைக்கவும் முடியாது. ஒரு கண்ணின் படத்தில் மட்டும் இருக்கும் புள்ளி, காட்சியோடு ஒட்டாமல் அந்தரத்தில் மினுக்கிக்கொண்டிருக்கும்.

முதல் காட்சியில் கண்டவை

முதல் காட்சி அனாகிளிஃப் முறையில் நடந்தது. இடக்கண் படத்தின் சிவப்பையும் வலக்கண் படத்தின் பச்சை, நீலத்தையும் ஒரே படமாகச் சேர்த்து, சிவப்பு–சயான் காகிதக் கண்ணாடி வழியே பார்ப்பது. இருந்த புரொஜெக்டரும் வெள்ளைத் திரையுமே போதும் என்பதால் இதைத் தேர்ந்தார்கள். சார்ல்ஸ் வீட்ஸ்டோன் 1838-ல் ஸ்டீரியோஸ்கோப்பை விளக்கிப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1853-ல் வில்ஹெல்ம் ரோல்மன் சொன்ன உத்தி இது. கறுப்பு வெள்ளைப் படத்துக்கு இன்றும் பழுதில்லாத உத்தி.

பூப்படங்களில் அது தோற்றது. செக்கச்சிவந்த இதழ் சிவப்பு ஃபில்டர் வழியே பளிச்சென்றும், சயான் ஃபில்டர் வழியே கிட்டத்தட்டக் கறுப்பாகவும் தெரியும். பச்சை இலையில் நேர்மாறு. ஒரே இடத்தில் ஒரு கண் வெளிச்சத்தையும் மறு கண் இருட்டையும் காணும்போது, மூளை இரண்டையும் கலக்காமல் மாற்றி மாற்றி ஒன்றைத் தேர்கிறது. இதை விழிப்போட்டி என்பார்கள். பார்வையாளர்கள் அதைத் தங்கள் வார்த்தையில் சொன்னார்கள்: பூ மினுங்குகிறது, கண் கூசுகிறது, ஆழம் வந்து வந்து போகிறது.

ஸ்கேன் செய்தவர் ஒரு மாற்று செய்து பார்த்தார். இடக்கண் படத்தை முதலில் கறுப்பு வெள்ளையாக்கி, அந்த ஒளிர்வைச் சிவப்புப் பகுதியில் வைக்கும் ‘பாதி வண்ண’ முறை. மினுங்கல் அடங்கியது, பூ துருப்பிடித்த பழுப்பாகிவிட்டது. வகுப்பெடுக்கும் தாவரவியல் ஆசிரியர் இதை ஏற்கவில்லை. இரண்டு இனங்களைப் பிரித்துக் காட்டுவதே மகரந்தத் தாளின் நிறம்தான். அதுவே போய்விட்டால் படம் எதற்கு என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். அனாகிளிஃபில் நிறம்தான் கண்களைப் பிரிக்கும் கருவி. அதே நிறத்தைப் படத்தின் தகவலாகவும் முழுசாகக் கொடு என்றால் அதனால் முடியாது. மென்பொருளில் எவ்வளவு திருத்தினாலும் ஏதோ ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்.

இந்தக் கட்டத்தில்தான் தொழில்நுட்ப ஆலோசனைக்கு என்னை அழைத்தார்கள்.

இருந்த வழிகள்

நிறத்தைத் தொடாமல் கண்களைப் பிரிக்க வேறு வழிகள் உண்டு. ஷட்டர் கண்ணாடியில், 120 ஹெர்ட்ஸ் புரொஜெக்டர் இடது, வலது படங்களை மாறி மாறிக் காட்டும்; கண்ணாடி அதே வேகத்தில் ஒவ்வொரு கண்ணாக மறைக்கும். வெள்ளைத் திரையே போதும், நிறமும் பெரிதாகக் கெடாது. ஆனால் ஒவ்வொரு கண்ணாடிக்குள்ளும் பேட்டரி இருக்கிறது. ஒவ்வொரு வகுப்புக்கும் முன் எல்லாவற்றுக்கும் சார்ஜ் ஏற்றி, துடைத்து, எண்ணி வைக்க ஆள் வேண்டும். அந்த ஆள் அங்கே இல்லை. இதை நிராகரித்ததற்கு வேறு காரணம் கிடையாது.

இன்னொன்று அலைநீளப் பிரிப்பு. இரண்டு கண்களுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் கிடைக்கும். ஆனால் சற்றே விலகிய குறுகிய பட்டைகளில். அருமையான முறைதான், வெள்ளைத் திரையிலும் வேலை செய்யும். பல அடுக்குப் பூச்சு போட்ட கண்ணாடிகள் என்பதால் விலை அதிகம். குழந்தைகள் கையில் கொடுக்கப் பொறுப்பாளருக்கு மனம் வரவில்லை. கண்ணாடியே வேண்டாத லென்டிகுலர் திரைகளையும் பேசினோம். அவை திரையின் பிக்சல்களைப் பல கோணங்களுக்குப் பங்குபோட்டுக் கொடுப்பவை. இதழின் நரம்பு தெரிய வேண்டிய இடத்தில் அந்தப் பங்கீடு கட்டுப்படியாகாது.

மிஞ்சியது போலரைசேஷன், அதாவது ஒளியின் முனைவாக்கம்: ஒளி அலை அதிரும் திசையை வைத்துக் கண்களைப் பிரிப்பது. எட்வின் லேண்டின் தகடு வடிவப் போலராய்டு 1930-களில் வந்த பிறகுதான் ஒரு கூட்டமே முழு வண்ணத்தில் முப்பரிமாணம் பார்ப்பது நடைமுறைக்கு வந்தது. இரண்டு புரொஜெக்டர்கள், ஒவ்வொன்றின் முன்னும் ஒரு ஃபில்டர், மலிவான எடையற்ற கண்ணாடிகள். நிபந்தனை ஒன்றுதான்: திரை வெள்ளித்திரையாக, அதாவது உலோகப் பூச்சுள்ள திரையாக, இருக்க வேண்டும். சாதாரண வெள்ளைத் திரையில் பட்டுத் திரும்பும் ஒளி முனைவாக்கத்தை இழந்துவிடும். இரண்டு படங்களும் இரண்டு கண்களுக்கும் போய்ச்சேரும்.

அடுத்த கேள்வி, நேர்கோட்டு முனைவாக்கமா, வட்ட முனைவாக்கமா என்பது. திரையரங்குகளில் பெரும்பாலும் வட்டம்தான். தலையைச் சாய்த்தாலும் பிம்பம் இரட்டிக்காது. நேர்கோட்டில் தலை 10 பாகை சாய்ந்தால் மறுகண்ணின் படம் சுமார் 3 சதவீதம் கசியும். இதைக் கேட்டதும் வட்டத்தையே வாங்கலாம் என்றார்கள். நான் நேர்கோட்டைச் சொன்னேன். வட்ட ஃபில்டரில் நேர்கோட்டு முனைவாக்கத்தை வட்டமாக்கும் கால் அலைத் தகடு நிறமாலையின் நடுப்பகுதிக்குத்தான் துல்லியம். சிவப்பு, நீல ஓரங்களில் கொஞ்சம் கசியும். இந்தச் சேகரிப்பில் இருண்ட பின்னணியில் வெள்ளைப் பூக்கள் நிறைய. பூவுக்குப் பக்கத்தில் ஊதா சாயலில் ஒரு பேய்ப்பிம்பம் நிற்பதை மாதிரித் தகடுகளிலேயே பார்த்தோம். மேலும், தலையைச் சாய்த்தால் இரண்டு கண்களும் ஒரே மட்டத்தில் இருக்காது. அதனால் ஆழம் எந்த முறையிலும் குலையத்தான் செய்யும். உட்கார்ந்து பார்க்கும், அசையாத படங்களுக்கு நேர்கோடே மேல் என்று முடிவெடுத்தோம்.

பச்சையும் மெஜந்தாவும்

கிடங்கில் ஒரே மாதிரி எல்சிடி புரொஜெக்டர்கள் இரண்டு இருந்தன. ஃபில்டர்களை ஒன்று செங்குத்தாக, மற்றது கிடையாக வைத்து முதல் சோதனை. இடக்கண் படம் முழுக்கப் பச்சை, வலக்கண் படம் முழுக்க மெஜந்தா. ஃபில்டர் பழுது என்று திருப்பி அனுப்பப் போனார்கள்.

பழுது ஃபில்டரில் இல்லை. மூன்று எல்சிடி தகடு கொண்ட பல புரொஜெக்டர்களில் வெளியே வரும் ஒளியே ஏற்கெனவே முனைவாக்கம் பெற்றதுதான். சிவப்பும் நீலமும் ஒரு திசையில், பச்சை அதற்குச் செங்குத்தான திசையில். செங்குத்து ஃபில்டர் பச்சையை விட்டு மற்றதைத் தடுத்தது, கிடை ஃபில்டர் நேர்மாறாகச் செய்தது. ஃபில்டர்களை 45, 135 பாகைக்குத் திருப்பியதும் மூன்று நிறங்களிலும் பாதிப் பாதி கடந்து, நிறம் சமமானது. கண்ணாடிகளும் அதே கோணத்தில் வெட்டியவைதான்.

ஃபில்டரும் கண்ணாடியும் விழுங்கியது போகக் கண்ணுக்கு வந்தது மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம்தான். வெள்ளித்திரை அதில் கொஞ்சத்தை ஈடுகட்டியது. ஃபில்டர் தடுக்கும் ஒளி அதிலேயே வெப்பமாகிறது என்பதால், அதை லென்ஸை ஒட்டாமல் சற்றுத் தள்ளி, காற்றோட்டமாக வைத்தோம்.

நிறம் வந்தது, கண்வலி போகவில்லை

இரண்டாவது காட்சியில் சிவப்புப் பூ சிவப்பாகவே இருந்தது. ஆசிரியர் மகிழ்ந்தார். ஆனால் காட்சி முடிந்ததும் சிலர் தலைவலி என்றார்கள். அனாகிளிஃப் காலத்தில் வந்த அதே புகார் மாதிரி தெரிந்ததால், பழைய விளக்கமே மறுபடி வந்தது: கண்ணாடி சரியில்லை.

இரண்டும் வேறு வேறு சிக்கல்கள் என்பதை நிறுவத்தான் அதிக நேரம் பிடித்தது. முதலில் புரொஜெக்டர் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழுகின்றனவா என்று கட்டம் போட்ட சோதனைப் படத்தால் பார்த்தோம். ஒரு மூலையில் மேல் கீழாகச் சிறு விலகல் இருந்தது. கண்கள் பக்கவாட்டில் எளிதாகத் திரும்பும். ஒன்று மேலும் ஒன்று கீழுமாகப் பார்க்கச் சொன்னால் படாதபாடு படும். அதைச் சரிசெய்தோம். புகார் குறைந்தது, நிற்கவில்லை.

அப்புறம் புரொஜெக்டர் இயக்குபவர் ஒரு நல்ல வேலை செய்தார். புகார் சொன்னவர்கள் எங்கே உட்கார்ந்தார்கள், எந்தப் படத்தில் கஷ்டப்பட்டார்கள் என்று கேட்டு ஒரு தாளில் குறித்தார். எல்லோரும் முதல் இரண்டு வரிசை. எல்லோரும் சொன்னது ஒரே வகைப் படங்கள்: முன்னால் பூச்செடி, பின்னால் தூரத்து மலை. வெறும் பின்னணி கொண்ட அருகாமைப் படங்களில் யாருக்கும் சிரமம் இல்லை. கண்ணாடிதான் காரணம் என்றால் கடைசி வரிசைக்கும் வலித்திருக்க வேண்டும்.

கணக்கு போட்டதும் காரணம் வெளியே வந்தது. ஸ்லைடின் இடது, வலது படங்களை அருகிலுள்ள பொருள் ஒன்றின்மேல் ஒன்று விழும்படி வைத்தால், தூரத்துப் பொருளின் இரண்டு பிம்பங்கள் விலகி நிற்கும். ஸ்டீரியோ கேமராக்களில் இந்த விலகல் ஃபிலிமில் 1.2 மி.மீ. வரை இருக்கலாம் என்பது பழைய நடைமுறை விதி. படத்தின் அகலம் சுமார் 21 மி.மீ. கூடத்தில் அதை 2.2 மீட்டருக்குப் பெரிதாக்கியிருந்தார்கள்; கிட்டத்தட்ட 105 மடங்கு. ஆக, மலையின் இரண்டு பிம்பங்களும் திரையில் 126 மி.மீ. தள்ளி நின்றன. மனிதக் கண்களுக்கு இடையே சராசரி தூரம் 63 மி.மீ. எல்லையில்லாத் தூரத்தைப் பார்க்கும்போதுகூடக் கண்கள் இணையாகத்தான் நிற்கும். 63-க்கு மேல் போனால் இரண்டும் வெளிப்பக்கமாக விரிய வேண்டும். அப்படிப் பார்ப்பது இயல்பு வாழ்க்கையில் நேர்வதே இல்லை. 7 மீட்டர் தள்ளி உட்கார்ந்தவருக்கு இந்த விரிவு அரை பாகை, சமாளித்துவிடுவார். 2.5 மீட்டரில் இருந்தவருக்கு 1.4 பாகை. தலை வலிக்காமல் என்ன செய்யும்?

கை ஸ்டீரியோஸ்கோப்பில் இது தெரியாததற்கும் காரணம் இதுவே. அதில் தூரத்துப் புள்ளிகள் கண் இடைவெளிக்கு ஏற்ப அமைந்திருக்கும். அருகிலுள்ளவைதான் உள்ளே நெருங்கும். படம் மாறவில்லை, திரையும் இருக்கையும் மாறின. ஒரு படத்தில் எவ்வளவு ஆழம் தாங்கும் என்பது அந்தப் படத்தை மட்டும் வைத்துச் சொல்லிவிடக்கூடிய விஷயமல்ல.

எடுத்த முடிவு

மூன்று யோசனைகள் மேசைக்கு வந்தன. எல்லாப் படங்களையும் சிறிதாக்குவது. கடைசி வரிசைக்குப் பூ தெரியாமல் போகும் என்று விட்டோம். பிம்பங்களைப் பக்கவாட்டில் உள்ளே தள்ளி, மலையைத் திரையின் தளத்துக்குக் கொண்டுவருவது; அப்படிச் செய்தால் பூச்செடி திரைக்கு முன்னால் வந்து நிற்கும், ஆனால் அதன் தண்டு திரையின் ஓரத்தில் வெட்டுப்படும். காற்றில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பொருளைப் பின்னால் இருக்கும் சட்டம் மறைப்பது கண்ணுக்கு ஒவ்வாத காட்சி. ஓரத்தில் கறுப்புப் பட்டை போட்டுக் கொஞ்சம் சரிக்கட்டலாம், முழுசாக முடியாது.

மூன்றாவதை ஏற்றோம்: ஒவ்வொரு படத்தின் விலகலையும் ஸ்கேனில் அளந்து பிரிப்பது. 0.6 மி.மீ. வரை உள்ளவை 2.2 மீட்டர் அகலத்தில். அதில் தூரப் புள்ளிகள் சரியாக 63 மி.மீ.க்குள் நிற்கும். 0.6 முதல் 0.9 வரை உள்ளவை 1.5 மீட்டர் அகலத்தில் ஒரு தனித் தொகுப்பாக. படத்துக்குப் படம் அளவு மாறினால் பார்ப்பவர் தடுமாறுவார் என்பதால் நடுவே ஒரு இடைவேளை. அதற்கு மேல் போனவை திரைக்கே வராது, கை ஸ்டீரியோஸ்கோப்பில் மட்டும். இந்த மூன்றாவது குவியலில் சில அழகான மலைக்காட்சிகள் மாட்டிக்கொண்டன. பொறுப்பாளருக்கு வருத்தம்தான், ஆனால் கணக்கைப் பார்த்த பிறகு அவர் விவாதிக்கவில்லை. முதல் வரிசை நாற்காலிகளையும் பின்னுக்குத் தள்ளினார்கள்.

பனித்துளியும் மற்ற சில்லறைத் திருத்தங்களும்

அளக்கும்போதே வேறு சில கோளாறுகளும் பிடிபட்டன. சில ஸ்லைடுகளில் இடமும் வலமும் மாறிச் சட்டமிடப்பட்டிருந்தன. மனித முகம் இப்படி மாறினால் உடனே தெரியும்; பூவில் அவ்வளவு சுலபமில்லை, குழிந்த இதழும் குவிந்த இதழும் இரண்டும் நம்பும்படிதான் இருக்கும். தண்டு இதழுக்கு முன்னால் வந்துவிட்டதா என்று பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள். நகர்பட்டையில் எடுத்தவற்றில், இரண்டு படங்களுக்கு நடுவே காற்று அசைத்த இலைகள் இருந்தன. முக்கியமில்லாத இலை என்றால் ஒரு கண்ணின் படத்திலிருந்து மறு கண்ணுக்கு ஒட்டுப்போட்டார்கள். பூவே அசைந்திருந்தால் அந்தப் படத்தை ஒதுக்கினார்கள்.

ஒரு திருத்தத்தை மட்டும் திரும்ப எடுக்க வேண்டியிருந்தது. இடது, வலது படங்களின் நிறம் பொருந்த வேண்டும் என்பது சரியான விதிதான். புரொஜெக்டர் விளக்குகள் சமமாகத் தேயாததால் வெள்ளை அட்டை வைத்து அடிக்கடி பொருத்தவும் வேண்டும். ஆனால் ஸ்கேன் செய்தவர் அதே விதியைப் படத்துக்குள்ளும் கொண்டுபோய், பனித்துளிகளின் ஒளிப்புள்ளி ஒரு படத்தில் மட்டும் இருந்ததைக் கறை என்று அழித்தார். திரையில் பனித்துளி மெழுகு மாதிரி ஆகிவிட்டது. ஈரமான, வழவழப்பான பரப்பில் பிரதிபலிப்பு ஒவ்வொரு கண்ணுக்கும் வேறு இடத்தில் விழும். அந்த வித்தியாசத்தைத்தான் நாம் பளபளப்பு என்று உணர்கிறோம். மூலக் கோப்பு பத்திரமாக இருந்ததால் பழையபடி ஆக்க முடிந்தது.

விளைவு

மூன்றாவது காட்சி முதல் தலைவலிப் புகார் கிட்டத்தட்ட நின்றது. நிறத்தை வைத்து இனங்களைப் பிரிக்கும் பாடத்தை ஆசிரியர் திரையிலேயே நடத்துகிறார். சிறிய அளவில் காட்டும் தொகுப்பு பின்வரிசைக்கு எடுபடுவதில்லை என்பது இன்னும் உள்ள குறை.

எந்த ஏற்பாட்டிலும் ஆழம் தெரியாதவர்கள் ஒரு சிலர் இருந்தார்கள். சிறுவயதில் மாறுகண் இருந்தவர்கள், ஒரு கண்ணின் பார்வை மங்கியவர்கள் இவர்களில் உண்டு. அவர்களுக்காக இரண்டு பக்கமும் இடக்கண் ஃபில்டரே பொருத்திய கண்ணாடிகள் செய்து வைத்தார்கள். தட்டையான, தெளிவான படம் கிடைக்கும். கண்ணாடி போடாமல் இரட்டைப் பிம்பத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட இது எவ்வளவோ மேல். செலவில்லாத இந்த ஏற்பாட்டுக்கு வந்த நன்றி வெள்ளித்திரைக்கு வரவில்லை.

மறுபடி செய்தால்

கூடத்தின் அளவும் முதல் வரிசையின் தூரமும் ஸ்கேன் தொடங்கும் முன்பே எழுதப்பட வேண்டும். விலகலை ஸ்கேன் செய்யும்போதே அளந்து கோப்போடு சேர்த்து வைத்தால், திரை மாறும்போது கணக்கு மட்டும் மாறும். படங்களை மறுபடி திறக்க வேண்டியதில்லை.

63 மி.மீ. என்பது பெரியவர்களின் சராசரி. சிறு பிள்ளைகளின் கண் இடைவெளி 50 மி.மீ.ஐ ஒட்டியே இருக்கும். அவர்களுக்கான காட்சியில் 0.6 என்ற வரம்பை 0.48 ஆகக் குறைக்க வேண்டும். இது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை, தொகுப்பைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

பார்வையாளர்கள் நின்றுகொண்டும் நடந்துகொண்டும் பார்க்கும் இடமாக இருந்தால் நேர்கோட்டு முனைவாக்கத்தைச் சொல்லமாட்டேன். அங்கே வட்டம்தான் சரி, ஊதா சாயலைப் பொறுத்துக்கொள்ளலாம். வெள்ளித்திரை ஒளியை நேரே முன்னால் திருப்புவது என்பதால் பக்கவாட்டு நாற்காலிகளில் படம் மங்கலாகத் தெரிகிறது. அந்த நாற்காலிகளை எடுத்துவிடுவதா, குறைந்த பிரதிபலிப்புள்ள வேறு வெள்ளித்திரை வாங்குவதா என்று பொறுப்பாளர் இன்னும் முடிவு செய்யவில்லை. என் யோசனை நாற்காலிகளை எடுத்துவிடுவது.